பாடியவர் யார் என்று பாட்டுக்குத் தெரியாது

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமஃபோன் கம்பெனிக்காகப் பாடினார். ஒலிப்பதிவு செய்தவர், அதற்காகவே கடல் கடந்து வந்திருந்த ஃப்ரெட் கைஸ்பர்க். பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் ஒலிவாங்கும் கூம்பை நோக்கித் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். பழைய தட்டுகளில் இதைக் கேட்பவர்கள், பாடகியின் செல்லக் குறும்பு என்று நினைப்பதுண்டு. உருப்படியான காரணம் ஒன்று இருந்தது. பதிவான மூலத்தட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குப் போகும். அங்கே தட்டு அச்சிடுகிறவர்களுக்கு இந்துஸ்தானி இசையும் தெரியாது, பாடியவரையும் தெரியாது. நடுவில் ஒட்டும் காகிதத்தில் யார் பெயரைப் போடுவது? அந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்காமல், பாடகியே பாட்டின் வாலில் தன் பெயரைக் கட்டி அனுப்பினார்.

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அதைப் பள்ளமாகக் கீறினாலும், காந்தத் துகளில் பதித்தாலும், எண்களாக மாற்றினாலும், அதற்குள் பாடியவர் பெயரோ எழுதியவர் பெயரோ தானாக வந்து உட்காராது. வெளியிலிருந்து ஒருவர் எழுதி வைத்தால்தான் உண்டு. தட்டுக்கு உறை இருந்தது, கேசட்டுக்குள் மடித்து வைத்த அட்டை இருந்தது. பாட்டு கணினிக்குள் வந்தபோது அட்டையும் உறையும் பின்தங்கிவிட்டன. இன்று நம்மில் பலருடைய ஹார்ட் டிஸ்க்கில் பல்லாயிரம் பாடல்கள் கிடக்கின்றன. நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 மெகாபைட் என்று வைத்தால், ஐந்து நிமிடப் பாட்டு 5 மெகாபைட்டுக்குள் அடங்கும். 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றே 13,000 பாட்டைத் தாங்கும். அவற்றில் எத்தனைக்கு ஊர் பேர் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

குறுந்தகட்டிலேயே இந்தக் கோளாறு தொடங்கிவிட்டது. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த சிடியின் முதல் தரநிலையில் பாடல் தலைப்புக்கு இடமே கிடையாது. எத்தனை பாட்டு, ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் உண்டு. 1990களில் கணினியில் சிடி போட்டுக் கேட்கத் தொடங்கியவர்கள், அந்த நேரக் கணக்கையே அடையாளமாக்கிக்கொண்டார்கள். பாடல்கள் தொடங்கும் நொடிகளையும் மொத்த நீளத்தையும் பாடல் எண்ணிக்கையையும் வைத்து 32 பிட் எண் ஒன்று செய்தார்கள். அந்த எண்ணை இணையத்தில் ஒரு பட்டியலுக்கு அனுப்பினால், முன்பே அதே சிடியைப் போட்டு யாரோ தட்டச்சு செய்து வைத்த தலைப்புகள் திரும்பி வரும். சிடிடிபி என்று பெயர். நீளங்கள் தற்செயலாக ஒத்துப்போனால் வேறு யாருடைய தலைப்போ வந்து நிற்கும். ஆனாலும் கேட்பவர்களே கூடி ஒரு பெரும் பட்டியலைக் கட்ட முடியும் என்பதை அது காட்டியது. பிறகு அது ஒரு நிறுவனத்தின் சொத்தாகிக் கதவைச் சாத்திக்கொண்டபோது, இலவசமாகத் தட்டச்சு செய்து கொடுத்தவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு நியாயமானது. அதிலிருந்து பிறந்த ஒன்றைப் பின்னால் பார்ப்போம்.

எம்பி3 கோப்புக்கும் பெயர் எழுத இடம் வைக்கப்படவில்லை. ஒலியை எப்படிச் சுருக்குவது என்பதை வகுத்த பொறியாளர்கள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் எளிய வழி ஒன்று கண்டார். கோப்பு முடிகிற இடத்துக்குப் பிறகு 128 பைட் நீளத்துக்கு ஒரு துண்டை ஒட்டினார். இப்படி ஒட்டும் விவரத் துண்டே டேக், அதற்கு ஐடி3 என்று பெயர் வந்தது. ஒலியை வாசிக்கும் பழைய மென்பொருள்கள் அந்தத் துண்டைப் புரியாத ஒன்றாகக் கருதித் தாண்டிவிடும், தெரிந்தவை எடுத்துப் படிக்கும்.

அந்த 128 பைட்டைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். முதல் 3 பைட்டில் 'டேக்' என்பதன் மூன்று ரோமன் எழுத்துகள். அடுத்து தலைப்புக்கு 30, கலைஞர் பெயருக்கு 30, ஆல்பத்துக்கு 30, ஆண்டுக்கு 4, குறிப்புக்கு 30. கடைசி 1 பைட் இசைவகைக்கு. அவ்வளவுதான். மறு ஆண்டு மிகாயேல் முட்ச்லர் குறிப்புக்கான இடத்தின் கடைசி 2 பைட்டைப் பிடுங்கி, பாட்டின் வரிசை எண்ணுக்கு வழி செய்தார்.

இந்தச் சட்டத்துக்குள் டி. எம். சௌந்தரராஜன் பெயரை எழுதிப் பாருங்கள். இன்றைய யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். மெய்யின் புள்ளி தனி, கொம்பும் காலும் தனி. தலைப்பெழுத்துக்குப் பின் வரும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் தலா 1 பைட். கூட்டினால் அவர் பெயருக்கு 52 பைட் வேண்டும். இருப்பதோ 30. 'டி. எம். சௌந' வரை வந்து, அடுத்து வரவேண்டிய புள்ளியின் முதல் இரண்டு பைட்டோடு பெயர் அறுந்து போகும். அறுந்த இடத்தில் திரையில் கேள்விக்குறியோ கட்டமோ நிற்கும். ஆங்கில எழுத்தில் 30 இடம் என்பது நெருக்கடி. தமிழ் எழுத்தில் அது 10 குறி. ஒரு முழுப் பெயருக்கும் போதாது.

இசைவகைக்கான அந்த ஒற்றை பைட் இன்னும் மோசம். 0 முதல் 79 வரை 80 வகைகளை ஒரு பட்டியலாகப் போட்டார்கள். 0 என்றால் புளூஸ், 24 என்றால் திரைப்பட இசை, 32 என்றால் செவ்வியல், 75 என்றால் போல்கா. போல்கா நடனத்துக்கு எண் கொடுத்த பட்டியலில் கர்நாடக இசைக்கும் இந்துஸ்தானிக்கும் நாட்டுப்புறப் பாட்டுக்கும் எண் இல்லை. 48ஆம் எண் 'எத்னிக்'. உலகத்தில் அவர்கள் கேட்காத இசை முழுவதையும் அதற்குள் தள்ளிக்கொள்ளலாம். தமிழ்ப் பாட்டுக் கோப்புகளில் இசைவகை 'புளூஸ்' என்று காட்டுவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். ஏதோ ஒரு மென்பொருள் அந்த பைட்டை நிரப்பாமல் பூஜ்ஜியமாக விட்டுவிட்டது. பூஜ்ஜியத்துக்கு அந்தப் பட்டியலில் அதுதான் பொருள்.

1998இல் ஐடி3யின் இரண்டாம் தலைமுறை வந்தது. பெயர்தான் அதே, அமைப்பு முற்றிலும் வேறு. துண்டு கோப்பின் முன்பக்கத்துக்கு வந்தது. ஏனென்றால் இணையம் வழியாகக் கோப்பு சொட்டுச் சொட்டாக வரும்போது, பெயர் கடைசியில் இருந்தால் பாட்டு முடிந்த பிறகுதான் பெயர் தெரியும். முன்னால் வைத்ததில் புதுச் சிக்கல் ஒன்று முளைத்தது. எம்பி3 வாசிக்கும் மென்பொருள் ஒலி எங்கே தொடங்குகிறது என்று அறிய, தொடர்ச்சியாகப் பதினொரு '1' பிட்டுகள் வருகின்றனவா என்று தேடும். டேக்கின் நீளத்தைச் சொல்லும் எண்ணுக்குள் தற்செயலாக அப்படி ஒரு தொடர் அமைந்துவிட்டால், பழைய கருவிகள் அதை இசை என்று நினைத்து இரைச்சலைக் கக்கும். ஆகவே நீள எண்ணின் 4 பைட்டிலும் முதல் பிட்டைக் கட்டாயமாக 0 ஆக்கினார்கள். மீதம் 28 பிட். அதனால் ஒரு டேக் 256 மெகாபைட் வரை வளரலாம், ஆனால் அதன் நீள எண் ஒருபோதும் பதினொரு '1'களைச் சேர்ந்தாற்போல் காட்டாது. யாரும் கண்ணால் பார்க்காத இடத்தில் இவ்வளவு அக்கறை.

30 பைட் வேலியும் ஒழிந்தது. டேக் பல சட்டங்களாகப் பிரிந்தது. தலைப்புக்கு ஒன்று, பாடியவருக்கு ஒன்று, இசையமைத்தவருக்கு ஒன்று, பாடல் எழுதியவருக்கு ஒன்று, பாடல் வரிகளுக்கு, மொழிக்கு, சுருதிக்கு, அட்டைப்படத்துக்கு என்று தனித்தனியாக. நமக்கு இது முக்கியமான செய்தி. பாடலாசிரியருக்கென்று தனி இடம் கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு எம்பி3 கோப்பிலும் காத்திருக்கிறது. கண்ணதாசனுக்கும் வாலிக்கும் வைரமுத்துவுக்கும் அங்கே நாற்காலி போட்டிருக்கிறது. உட்கார வைத்தவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலான கைபேசிச் செயலிகள் பாடியவரையும் ஆல்பத்தையும் மட்டும் காட்டுகின்றன. காட்டாததை யாரும் நிரப்புவதில்லை, நிரப்பாததைக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

டேக்கை மாற்றினால் ஒலித்தரம் குறையுமோ என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். குறையாது. ஒலி வேறு பகுதி, டேக் வேறு பகுதி. எத்தனை முறை திருத்தினாலும் ஒலியின் ஒரு பிட் கூட அசையாது. தரம் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வகைக் கோப்பில் சுருக்குவதற்கு முந்தைய ஒலிக்கான சரிபார்ப்பு எண் உள்ளேயே பதிந்திருக்கும். டேக்கைத் திருத்திய பிறகு விரித்துச் சோதித்தாலும் அதே எண்தான் வரும்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட கேட்பவரை மனதில் வைத்து உருவானவை. ஒரு பாடகர் அல்லது ஒரு குழு, அவர்கள் வெளியிட்ட ஆல்பம், அதில் பன்னிரண்டு பாட்டு. மேற்கத்திய பாப் இசை அப்படித்தான் விற்றது. தமிழ்த் திரைப்பாட்டு அந்த அச்சில் பொருந்தாது. ஒரு படத்தில் ஆறு பாட்டு இருந்தால் ஆறையும் வெவ்வேறு பேர் பாடியிருப்பார்கள். இரண்டு டூயட், ஒரு தனிப்பாட்டு, ஒரு கோரஸ். எழுதியவர்கள் இருவர் மூவர். எல்லாவற்றையும் கட்டிப் பிடித்திருப்பவர் இசையமைப்பாளர். நம்முடைய நினைவும் அப்படித்தான் வேலை செய்கிறது. 'இளையராஜா பாட்டு' என்கிறோம், 'ரஹ்மான் பாட்டு' என்கிறோம், அவர்கள் பாடாத பாட்டையும்.

கலைஞர் என்ற ஒரே சட்டத்தில் யாரை எழுதுவது? சிலர் பாடகரை எழுதினார்கள், சிலர் இசையமைப்பாளரை, சிலர் கதாநாயகனை. இலவசமாகப் பாட்டு இறக்கித் தந்த இணையதளங்கள் தங்கள் முகவரியையே எழுதின. பாடகரை எழுதினால் வேறொரு விபத்து. பல பிளேயர்கள் கலைஞர் பெயர் மாறினால் ஆல்பத்தையும் உடைத்துவிடும். ஒரு படத்தின் ஆறு பாட்டு ஆறு ஆல்பங்களாகச் சிதறி நிற்கும். இதற்கு மருந்து 'ஆல்பம் கலைஞர்' என்ற சட்டம். தரநிலையில் அது இசைக்குழுவுக்கும் பக்கவாத்தியத்துக்கும் ஒதுக்கிய இடம். பிளேயர் செய்தவர்கள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டு வழக்கமாக்கிவிட்டார்கள். என் தீர்ப்பு இது: தமிழ்த் திரைப்பாட்டுத் தொகுப்பில் ஆல்பம் கலைஞர் இடத்தில் இசையமைப்பாளர், கலைஞர் இடத்தில் பாடியவர்கள், பாடலாசிரியருக்கு அவருடைய சொந்தச் சட்டம், ஆல்பம் இடத்தில் படப்பெயரும் அடைப்புக்குறிக்குள் ஆண்டும்.

ஆண்டு எதற்கு என்று கேட்கலாம். 'பில்லா' 1980இல் எம். எஸ். விஸ்வநாதன் இசையில் வந்தது, 2007இல் யுவன் சங்கர் ராஜா இசையில் வந்தது. 'பொல்லாதவன்' 1980இல் விஸ்வநாதன், 2007இல் ஜி. வி. பிரகாஷ்குமார். 'தங்கமகன்' 1983இல் இளையராஜா, 2015இல் அனிருத். ஆண்டு போடாமல் விட்டால், இருபத்தேழு ஆண்டு இடைவெளியைப் பிளேயர் ஒரு நொடியில் அழித்து இரண்டு படத்தையும் ஒரே ஆல்பமாக ஒட்டிவிடக் கூடும். படம் வந்த ஆண்டையே எழுதுங்கள். தொகுப்புச் சிடி வெளியான ஆண்டு கோப்பில் ஏற்கெனவே குந்தியிருக்கும், அதை நம்ப வேண்டாம். 1950களின் பாட்டு 2003 என்று காட்டுவது அதனால்தான்.

ஃபோல்டர் போட்டு அடுக்கினால் போதாதா? போதாது. அதற்கான காரணத்தை, கணினி வருவதற்கு முன்பே ஒரு தமிழர் வகுத்துவிட்டார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். நூலகங்கள் அப்போது புத்தகத்தை ஒரு மரத்தின் கிளைகளாகப் பிரித்துக்கொண்டே போயின. ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன்கூட்டியே வகுத்துவைத்த ஒரே இடம். புதிதாக ஒரு பொருள் முளைத்தால் மரத்தில் அதற்குக் கிளை இருக்காது. லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தபோது ரங்கநாதனுக்கு வழி திறந்தது. சில துண்டுகள், சில திருகுகள். அவற்றைக் கூட்டி எதையும் கட்டலாம். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை, பொருளை முகங்களாகப் பிரித்தது. எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குறி. குறிகளைச் சேர்த்தால் புத்தகத்தின் எண்.

ஃபோல்டர் என்பது பழைய மரம். 'இளையராஜா' என்ற ஃபோல்டருக்குள் படம், படத்துக்குள் பாட்டு என்று அடுக்கினால், எஸ். ஜானகி பாடியவற்றை மட்டும் கேட்க வேண்டும் என்றபோது எல்லா ஃபோல்டரையும் திறந்து மூட வேண்டும். ஜானகியின் பெயரில் அடுக்கினால் வாலி எழுதியவை சிதறும். டேக் என்பது ரங்கநாதனின் முகங்கள். பாட்டு ஓர் இடத்தில் கிடக்கட்டும். பாடியவர், எழுதியவர், இசை, ஆண்டு, ராகம் என்ற முகங்களைச் சரியாக எழுதிவிட்டால், 1980களில் வாலி எழுதி ஜானகி பாடியவை என்று கேட்ட மாத்திரத்தில் வரிசை கட்டி வரும். ராகம் என்றொரு முகத்தைத் தரநிலை தரவில்லையே என்றால், ஐடி3யில் பயனரே பெயரிட்டுக்கொள்ளும் சட்டம் உண்டு. ஃப்ளாக் கோப்பில் அது இன்னும் எளிது. எந்தப் பெயரிலும் முகம் ஒன்றைத் தொடங்கி எதிரே மதிப்பை எழுதலாம். ஒரே பெயரில் பல மதிப்பும் கொடுக்கலாம், ஆகவே டூயட் பாடிய இருவரையும் தனித்தனியே எழுத முடியும்.

முகங்கள் வேலை செய்ய ஒரு நிபந்தனை. ஒருவர் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். தமிழில் இங்கேதான் கால் இடறுகிறது. ஒரு பெரிய தொகுப்பில் கலைஞர் பட்டியலைத் திறந்தால், பாலசுப்ரமணியம் எத்தனை வேடத்தில் வருகிறார் என்று பாருங்கள்: எஸ்.பி.பி, எஸ்பிபி, எஸ். பி. பாலசுப்பிரமணியம், எஸ்.பி.பாலு, இடைவெளி விட்டும் விடாமலும். ஆங்கில எழுத்தில் எழுதியவை இன்னொரு பட்டாளம். கணினிக்கு இவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள்.

கண்ணுக்கே தெரியாத வேறுபாடு இதைவிடக் கொடியது. சௌந்தரராஜன் என்ற பெயரின் முதலெழுத்தை மூன்று விதமாகத் தட்டச்சு செய்யலாம். ச எழுதி ஔகாரக் குறியை ஒரே குறியாகப் போடுவது ஒன்று. ச, ஒற்றைக் கொம்பு, ஔகாரத்தின் வலப்பாதிக் குறி என்று பிரித்துப் போடுவது இரண்டு. ச, ஒற்றைக் கொம்பு, பிறகு ள என்ற முழு எழுத்தையே போடுவது மூன்று. சௌந்தரராஜன், செளந்தரராஜன். பல எழுத்துருக்களில் வேறுபாடே தெரியாது. யூனிகோடு தரநிலை முதல் இரண்டையும் ஒன்றென்று ஏற்கிறது. அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர இயல்பாக்கம் என்ற செயல்முறை உண்டு, நல்ல டேக் மென்பொருள்கள் அதைச் செய்யும். மூன்றாவது எழுத்துப்பிழை. 'செள' என்பது இரண்டு எழுத்து என்றே கணினி கருதும், எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. தேடலில் சௌந்தரராஜன் என்று அடித்தால் செளந்தரராஜன் பாடிய பாட்டு வராது. இதைத் தேடித் திருத்துவது மனிதர் வேலை. 'ஸ்ரீ' என்ற எழுத்திலும் இதே வலை இருக்கிறது. ஸ என்ற எழுத்தில் தொடங்கியும் அதைத் தட்டலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ என்ற எழுத்தில் தொடங்கியும் தட்டலாம். திரையில் ஒரே உரு, உள்ளே வேறு எண்கள். ஸ்ரீரஞ்சனி ராகக் கீர்த்தனைகளைத் தேடுகிறவர் பாதியைத்தான் காண்பார்.

2000ஆம் ஆண்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்த பழைய கோப்புகளில் இன்னொரு அடுக்குச் சேறு. அப்போது தமிழுக்குத் திஸ்கி, டாம், டாப் என்று பல குறியீடுகள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக அறிவித்தது. 2010இல் யூனிகோடுக்கு மாறியது. பழைய முறையில் எழுதிய டேக்கை இன்றைய பிளேயர் ஐரோப்பிய எழுத்தாக வாசித்துப் பொருளற்ற குறிகளைக் கொட்டும். அதை அழித்துவிடாதீர்கள். எழுத்துகள் உள்ளேயே இருக்கின்றன, குறியீடு மாற்றி மென்பொருளில் போட்டால் தமிழ் திரும்பி வரும்.

டேக்கே இல்லாத கோப்பு? 'டிராக் 01' என்ற பெயரோடு அநாதையாக நிற்பது? இங்கேதான் அறிவியல் கைகொடுக்கிறது. ஒலியிலேயே கைரேகை எடுக்கலாம். 2003இல் ஏவரி வாங் வெளியிட்ட ஆய்வுரை, பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் ஷாஸாம் செயலியின் உள்வேலையை விளக்கியது. ஒலியை நேரம் ஒரு பக்கம், அதிர்வெண் ஒரு பக்கம் என்று வரைபடமாக்கி, அதில் உயர்ந்து நிற்கும் சிகரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டிரண்டு சிகரங்களை ஜோடி சேர்த்து, இடைப்பட்ட நேரத்தோடு ஓர் எண்ணாக்குகிறது. டீக்கடை இரைச்சலிலும் சிகரங்கள் தப்பிப் பிழைக்கும்.

வீட்டுத் தொகுப்புக்குப் பயன்படுவது குரோமாபிரிண்ட் என்ற இன்னொரு முறை. லூகாஷ் லாலின்ஸ்கி எழுதி இலவசமாகக் கொடுத்தது. பாட்டின் முதல் இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொண்டு, எந்த நேரத்தில் எந்தச் சுரத்தில் எவ்வளவு ஆற்றல் என்று அளக்கிறது. எல்லா ஸ்தாயியையும் மடித்து ஒன்றாக்கிப் பன்னிரண்டு பெட்டிகளில் போடுகிறது. நம் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களைப் போலவே. அந்தப் பன்னிரண்டின் ஏற்ற இறக்கத்திலிருந்து நொடிக்கு ஏறத்தாழ எட்டு எண்கள் பிறக்கும். இரண்டு நிமிடப் பாட்டு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைந்த எண்களாகச் சுருங்கும். அக்கூஸ்ட்ஐடி என்ற பொதுப் பட்டியலில் அந்த வரிசையை ஒப்பிட்டால், அதே ஒலிப்பதிவை முன்பு யாராவது அடையாளம் சொல்லியிருந்தால் பெயர் வரும். சுருக்கத் தரம் மாறினாலும் கைரேகை ஏறக்குறைய மாறாது. ஆனால் கேசட்டிலிருந்து மாற்றியபோது நாடா சற்று வேகமாக ஓடியிருந்தால் சுருதி ஏறிவிடும், பெட்டிகள் இடம் மாறும், கைரேகை பொருந்தாமல் போகலாம். யாருமே இதுவரை சொல்லாத பாட்டுக்கும் பெயர் வராது. கைரேகைக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதர் வேண்டும்.

அந்த மனிதர்கள் கூடுகிற இடம் மியூசிக்பிரைன்ஸ். சிடிடிபி கதவைச் சாத்தியபோது எழுந்த கொதிப்பிலிருந்து ராபர்ட் கே தொடங்கியது. அதன் அடிப்படைத் தரவு எல்லாருக்கும் பொதுச்சொத்து, எந்த நிறுவனமும் மடக்கிவிட முடியாது. அது படைப்பையும் ஒலிப்பதிவையும் வெளியீட்டையும் தனித்தனியாக வைக்கிறது. கர்நாடக இசைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. தியாகராஜரின் 'எந்தரோ மகானுபாவுலு' ஒரு படைப்பு. ஸ்ரீ ராகம், ஆதி தாளம் என்பவை அந்தப் படைப்போடு ஒட்டியவை. அதை யார் எந்தக் கச்சேரியில் பாடினாலும் அது வேறொரு ஒலிப்பதிவு, பக்கவாத்தியம் வாசித்தவர்கள் அந்த ஒலிப்பதிவோடு ஒட்டியவர்கள். அதே ஒலிப்பதிவு கேசட்டாகவும் சிடியாகவும் வந்தால் அவை வெளியீடுகள். ராகத்தை ஒருமுறை படைப்பில் எழுதிவிட்டால், அதைப் பாடிய அத்தனை பேருடைய பதிவுக்கும் அது சேர்ந்துவிடும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா 2011 முதல் நடத்திய காம்ப்மியூசிக் ஆய்வுத்திட்டம், சென்னை ஐஐடியையும் துணை சேர்த்துக்கொண்டு, கர்நாடக இசைத் தொகுப்பு ஒன்றை இந்தப் பட்டியல் வழியாகவே ஒழுங்குபடுத்தியது. மியூசிக்பிரைன்ஸ் படைப்புக்கான விவரங்களில் இன்று கர்நாடக ராகத்துக்கும் தாளத்துக்கும் தனி இடம் இருக்கிறது. 80 வகையில் 'எத்னிக்' என்று தள்ளப்பட்ட இசைக்கு அது பெரிய நகர்வு.

வேலை தொடங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. முதலில் முழுத் தொகுப்பையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். மியூசிக்பிரைன்ஸின் பிக்கார்ட் மென்பொருள் கைரேகையை வைத்தே டேக்கை நிரப்பும். எம்பி3டேக் போன்றவை நூறு கோப்பை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து ஒரே நேரத்தில் திருத்த உதவும், கோப்பின் பெயரிலிருந்து டேக்கையும், டேக்கிலிருந்து கோப்பின் பெயரையும் உண்டாக்கும். பாட்டு பாட்டாகப் போகாதீர்கள், படம் படமாகப் போங்கள். பெயர்களுக்கு ஒரு பட்டியல் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: டி. எம். சௌந்தரராஜன் என்றால் எப்போதும் அதே எழுத்து, அதே புள்ளி, அதே இடைவெளி. தலைப்பெழுத்து முன்னால் நிற்பதால் எஸ். ஜானகியும் எஸ். வரலட்சுமியும் 'எ' வரிசையில் குவிவது பிடிக்கவில்லை என்றால், வரிசைப்படுத்த மட்டும் பயன்படும் பெயருக்கு ஐடி3யின் பிந்திய பதிப்பில் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே 'ஜானகி, எஸ்.' என்று எழுதினால் திரையில் பெயர் மாறாது, வரிசை மட்டும் மாறும். அட்டைப்படத்தை அளவாக வையுங்கள். ஒன்று 300 கிலோபைட் என்றால் 10,000 பாட்டுக்கு 3 ஜிபி படத்துக்கே போய்விடும்.

கடைசியாக ஒன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். உறுதியாகத் தெரியாததை எழுதாதீர்கள். கண்ணதாசன் எழுதியது போலத் தோன்றும் பாட்டு வாலியுடையதாக இருக்கலாம், மருதகாசியுடையதாக இருக்கலாம். ஊகித்து எழுதிய பெயர் ஒரு கோப்பிலிருந்து ஆயிரம் கோப்புக்குப் பரவி, நாளடைவில் சான்றாகிவிடும். வெறுமையாக விட்ட சட்டத்தை நாளை தெரிந்த ஒருவர் நிரப்புவார். தவறாக நிரப்பியதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டில் பழைய இசைத்தட்டோ, கேசட்டோ, படத்தின் பாட்டுப் புத்தகமோ இருந்தால் அதை எடுத்துப் பாருங்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்கள் அச்சில் இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடமும் கேளுங்கள், ஆனால் அவர்கள் சொன்னதை அட்டையோடு ஒப்பிட்ட பிறகு எழுதுங்கள். உங்கள் கோப்பில் எழுதிய கையோடு மியூசிக்பிரைன்ஸிலும் ஏற்றுங்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது, தமிழ் எழுத்திலேயே எழுதலாம்.